காலுக்குக் கீழே சூரியன்

சித்திரை வருடப்பிறப்பு நெருங்கும்போது திருகோணமலையில், நாங்கள் சொல்கிற திருமலையில், நண்பகல் நிழல் காணாமல் போய்விடும். சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்து நிற்கும். ஒவ்வொரு வருடமும் லீவுக்கு முந்தின ரியூசன் வகுப்பில் என் உயர்தரப் பிள்ளைகளை முற்றத்துக்குக் கூட்டிப்போய் ஒரு தும்புத்தடியை நட்டுக் காட்டுவேன். பன்னிரண்டு மணி ஆறு நிமிடத்துக்குத் தடியின் அடியில் ஒரு விரல் அகலத்துக்கு மேல் நிழல் இருக்காது. பிள்ளைகள் தங்கள் நிழலைத் தேடிச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். வெயில் மண்டையைப் பிளக்கும். ஆனாலும் உள்ளே போவோம் என்று ஒருவரும் கேட்பதில்லை.

போன வருடம் அப்படி நின்றபோது குச்சவெளிப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளை ஒருத்தி கேட்டாள்.

"அப்ப ரீச்சர், இண்டைக்கு நடுச்சாமத்தில சூரியன் எங்கட காலுக்கு நேர் கீழயா நிக்கும்?"

ஆம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. தடியைப் பிடுங்கி மண்ணில் ஒரு வட்டம் கீறினேன். நாங்கள் இருப்பது அகலாங்கு எட்டரைப் பாகை வடக்கில். ஏப்ரலில் சூரியனும் வானத்தில் எட்டரைப் பாகை வடக்கில் இருப்பதால்தான் நண்பகலில் தலைக்கு மேல் வருகிறது. பூமியின் மறுபக்கத்தில் நமக்கு நேர் எதிரே உள்ள புள்ளியோ எட்டரைப் பாகை தெற்கில், பசிபிக் கடலின் நடுவே. சூரியன் அந்தப் புள்ளிக்கு மேலே வர வேண்டுமென்றால் அது தெற்கே இறங்கியிருக்க வேண்டும். அது வருடத்தில் இரண்டு தடவை நடக்கும்: பெப்ரவரி கடைசியிலும் ஒக்டோபர் நடுவிலும். அந்த இரவுகளில் மட்டும்தான் சூரியன் நம் பாதத்துக்கு நேர் கீழே.

"அதால என்ன நடக்கும்?" என்றாள் இன்னொருத்தி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கியதுதான் மூன்று வகுப்புகளைத் தின்றுவிட்டது. பாடத்திட்டத்தில் இல்லாத விஷயம்: கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளைச் சூரியனை வைத்துத் தேடுவது. ஆனாலும் எனக்கு இதைவிடப் பிடித்த விஷயம் பௌதிகவியலில் வேறு இல்லை.

சூரியனின் நடுவில் ஐதரசன் ஹீலியமாகும்போது நியூத்திரினோ என்ற துகள்கள் பிறக்கின்றன. உங்கள் பெருவிரல் நகத்தின் மேல் ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ 6,500 கோடி நியூத்திரினோக்கள் விழுகின்றன, பகலென்றும் இரவென்றும் இல்லாமல். இரவில் அவை கீழிருந்து வருகின்றன. பசிபிக் கடலுக்குள் நுழைந்து, பூமியின் இரும்பு மையத்தைக் கடந்து, 12,700 கிலோமீற்றரை விநாடியின் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் தாண்டி, நாம் படுத்திருக்கும் பாயினூடாக மேலே போய்விடுகின்றன. ஜப்பானில் மலைக்கு அடியில் 50,000 தொன் தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கும் சூப்பர்-காமியோகண்டே கூடத்தில் இப்படிப்பட்ட நியூத்திரினோக்களை எண்ணியே சூரியனின் படமொன்றை ஆக்கியிருக்கிறார்கள். அதில் சேர்ந்தவற்றில் பாதி, இரவில் பூமியைத் துளைத்து வந்தவை. புள்ளி புள்ளியான மங்கல் படம்தான். என் போனில் வைத்திருக்கிறேன். பிள்ளைகள் எல்லாரும் கையில் வாங்கிப் பார்த்தார்கள்.

சரி, இதில் கரும்பொருள் எங்கே வருகிறது?

கரும்பொருள் என்ற பேரே எனக்கு உடன்பாடில்லை. கறுப்பு என்றால் ஒளியை விழுங்குவது. இது விழுங்குவதுமில்லை, விடுவதுமில்லை. கண்ணாடியைவிடத் தெளிவானது என்று சொல்லலாம். அது இருப்பது அதன் எடையால் மட்டும் தெரிய வந்தது. 1933இல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி கோமா விண்மீன்திரள் கூட்டத்தைப் பார்த்து, அங்கே தெரிகிற பொருளின் ஈர்ப்பு மட்டும் இருந்தால் இந்தத் திரள்கள் எப்போதோ சிதறிப் போயிருக்க வேண்டும் என்றார். 1970இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் பக்கத்து விண்மீன்திரளான அந்திரோமேடாவின் ஓர விண்மீன்கள் மெதுவாகச் சுற்ற வேண்டியிருக்க, உள்ளே இருப்பவற்றுக்குச் சமமான வேகத்தில் சுற்றுவதை அளந்து காட்டினார்கள். இன்றைய கணக்கில், நம்மையும் விண்மீன்களையும் ஆக்கிய சாதாரணப் பொருள் ஒரு பங்கென்றால் கரும்பொருள் ஐந்து பங்குக்கும் மேல். அது என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. கனமான, மிக அரிதாகவே எதனோடும் மோதுகிற ஒரு துகளாக இருக்கலாம் என்பது நீண்டகாலமாக முன்வைக்கப்படும் யோசனை.

அப்படி ஒரு துகள் இருந்தால் சூரியன் அதைப் பிடிக்கும். சூரியன் பால்வீதியைச் சுற்றி விநாடிக்கு ஏறத்தாழ 220 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது, வழியெல்லாம் கரும்பொருள். எப்போதாவது ஒரு துகள் சூரியனுக்குள் ஒரு புரோத்தனில், அதாவது ஐதரசன் அணுவின் கருவில், முட்டி வேகம் குறைந்தால், திரும்பி வெளியே போக அதனால் முடியாது. மீண்டும் முட்டும், மீண்டும் தளரும், கடைசியில் சூரியனின் நடுவில் போய் அடங்கும். 460 கோடி வருடங்களாக இப்படிச் சேர்ந்தால் நடுவில் நெரிசல்தான். இரண்டு கரும்பொருள் துகள்கள் ஒன்றையொன்று சந்தித்தால் இரண்டும் அழிந்து, குவார்க்கு, டோ போன்ற கனமான துகள்கள் பிறந்து, அவையும் சிதைந்து நியூத்திரினோக்களைத் தரும். மற்றதெல்லாம் சூரியனுக்குள்ளேயே அமிழ்ந்துவிடும். நியூத்திரினோ மட்டும் வெளியே வரும்.

இங்கே ஒரு அழகான கணக்கு இருக்கிறது. அதைச் சொல்லும்போது கந்தளாய்க் குளத்தைத்தான் சொன்னேன். மாரியில் குளம் நிறைந்து, மிகை நீர் வெளியேறும் வான் வழியாகப் பாயும்போது, உள்ளே எவ்வளவு தண்ணீர் வருகிறதோ அவ்வளவு வெளியே போகிறது. அந்த நாளில் வானில் பாயும் தண்ணீரை அளந்தால் போதும், குளத்துக்கு வரும் தண்ணீர் தெரிந்துவிடும். குளத்தின் ஆழம் தேவையில்லை. சூரியனும் அப்படி நிறைந்துவிட்ட குளம் என்று வைத்தால், வெளியே வரும் நியூத்திரினோக்களின் எண்ணிக்கையே சூரியன் எந்த வேகத்தில் கரும்பொருளைப் பிடிக்கிறது என்பதைச் சொல்லிவிடும். அதிலிருந்து ஒரு கரும்பொருள் துகள் ஒரு புரோத்தனோடு மோத எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடலாம். சூரியன் பெரும்பாலும் ஐதரசன், அதாவது வெறும் புரோத்தன் என்பதால், இந்த ஒரு அளவில், கரும்பொருளை நேராகப் பிடிக்கப் பார்க்கும் நிலத்தடிப் பரிசோதனைகளுக்குச் சமமாக நிற்கிறது, சில நிறைகளுக்கு முந்தியும் விடுகிறது.

இன்னொன்று. துகளின் சக்தியை இலத்திரன்வோல்ற் என்ற அலகில் அளப்பார்கள்; மெகா, கிகா, ரெரா, பெற்றா என்று ஒவ்வொன்றும் முந்தினதைவிட ஆயிரம் மடங்கு. சூரியன் எரிவதால் வரும் சாதாரண நியூத்திரினோக்களின் சக்தி 20 மெகா இலத்திரன்வோல்ற்றுக்குள் அடங்கிவிடும். கரும்பொருள் அழிந்து வருபவை அதைவிட நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு, அதற்கும் மேல். சூரியனின் திசையிலிருந்து அப்படி உயர்சக்தி நியூத்திரினோக்கள் கூட்டமாக வந்தால் அதற்கு வேறு காரணம் சொல்வது மிகக் கடினம். விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் சூரியனின் மேற்பரப்பில் மோதிச் சிலவற்றை உண்டாக்கும்; அவை மிகக் குறைவு. அதனால்தான் இந்த வழி எனக்கு இவ்வளவு பிடிக்கிறது.

பிடிப்பதற்கு ஒரு கன கிலோமீற்றர் பனிக்கட்டி வேண்டியிருக்கிறது. தென்துருவத்தில் ஐஸ்கியூப் என்ற கருவி 2010 டிசம்பரில் கட்டி முடிந்தது. கொதிநீரால் பனியில் இரண்டரைக் கிலோமீற்றர் ஆழத்துக்குத் துளையிட்டார்கள். ஒரு துளைக்கு ஏறத்தாழ இரண்டு நாள். 86 துளைகளிலும் வடம் இறக்கி, அவற்றில் 5,160 கண்ணாடிக் கோளங்களைக் கட்டி உறையவிட்டார்கள். ஒவ்வொரு கோளத்துக்குள்ளும் ஒரே ஒரு ஒளித்துகள் வந்தாலும் உணரும் குழாய். நியூத்திரினோ ஒன்று பனியில் ஓர் அணுக்கருவோடு மோதினால் மியூவோன் என்ற துகள் பிறந்து, பனிக்குள் ஒளி செல்வதைவிட வேகமாக ஓடும். எஞ்சின் பூட்டிய போட் அலையை முந்தி ஓடினால் பின்னால் ஆப்பு மாதிரி அலை விரியுமே, அதுபோல மியூவோனுக்குப் பின்னால் நீல ஒளி கூம்பாக விரியும். செரென்கோவ் ஒளி என்பார்கள். எந்தக் கோளத்தில் எந்தக் கணத்தில் ஒளி பட்டது என்று பார்த்தால் மியூவோன் வந்த திசை தெரியும்.

துன்பம் என்னவென்றால், வளிமண்டலத்தில் அண்டக்கதிர்கள் மோதி உண்டாகும் மியூவோன்கள் மேலிருந்து மழையாகக் கொட்டுகின்றன. ஐஸ்கியூப் ஒரு நாளில் அப்படி 27.5 கோடி காண்கிறது. நியூத்திரினோவோ நாளுக்கு ஏறத்தாழ 275. பத்து இலட்சத்துக்கு ஒன்று. அதனால் பூமியையே அரிதட்டாக்கிக் கொள்கிறார்கள்: கீழிருந்து மேலே வரும் மியூவோனை மட்டும் எடுத்தால், பூமியைத் துளைத்து வர நியூத்திரினோவால் மட்டும்தான் முடியும். தென்துருவத்தில் மார்ச் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை சூரியன் அடிவானத்துக்குக் கீழே இருக்கும். இங்கே கச்சான் காற்று புழுதியை வாரி அடிக்கும் மாதங்களில் அங்கே ஆறு மாத இரவு. அந்த இரவில்தான் சூரியனைத் தேடுவதற்கு நல்ல நேரம். இதை வகுப்பில் சொன்னபோது ஒரு பையன் கொப்பியை மூடிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு ஆசிரியைக்கு வேறென்ன வேண்டும்?

"பிறகு, கிடைச்சதா?" என்றாள் குச்சவெளிப் பிள்ளை.

இல்லை. ஐஸ்கியூப் பல வருடத் தரவைச் சலித்துப் பார்த்தது. பிரான்சின் துலோன் கரைக்கு அப்பால், ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீற்றர் ஆழக் கடலில் 12 வடங்களோடு இருந்த அன்ராரெஸ் கருவி 2008இலிருந்து 2022 வரை தேடியது. சூப்பர்-காமியோகண்டேயும் தேடியது. சூரியனின் திசையில், எதிர்பார்த்த பின்னணிக்கு மேல் ஒன்றுமில்லை.

"ஒண்டும் கிடைக்கேல்லையெண்டா பிறகும் ஏன் தேடுகினம்?"

அவளுடைய அப்பா கடற்தொழில் செய்கிறவர். அதனால் கரைவலையைச் சொன்னேன். சில நாள் மடி வெறுமையாக வரும், அதற்காக வலையைக் கொளுத்திவிடுவோமா என்று கேட்டேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. வெறும் மடி வந்தால் சம்மாட்டிக்கும் நட்டம், இழுத்தவர்களுக்கும் நட்டம், அதில் படிப்பதற்கு ஒன்றுமில்லை என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு அவளே சொன்னாள்: "ஆனா ரீச்சர், எந்தக் கண் வலையெண்டு சொல்லவேணும். பாரை பிடிக்கிற கண்ணில நெத்தலி இல்லையெண்டு சொல்லேலாது."

நான் சொல்ல வந்ததைவிட அவள் சொன்னது நல்லது. ஐஸ்கியூப்பின் வடங்களுக்கு இடையே 125 மீற்றர். ஒரு வடத்தில் கோளங்களுக்கு இடையே 17 மீற்றர். சக்தி குறைந்த நியூத்திரினோ உண்டாக்கும் மியூவோன் சில பத்து மீற்றர் ஓடி நின்றுவிடும். அந்த இடைவெளிக்குள்ளேயே தொலைந்துவிடும். அதுதான் வலையின் கண். அதனால் பனியின் நடுவில் டீப்கோர் என்று ஒரு பகுதியில் கோளங்களை ஏழு மீற்றருக்கு ஒன்றாக நெருக்கிக் கட்டியிருக்கிறார்கள். அது நெத்தலி வலை. ஏறத்தாழ 10 கிகா இலத்திரன்வோல்ற் வரை கீழே இறங்கிப் பிடிக்கும். மேல் பக்கத்திலும் ஒரு எல்லை இருக்கிறது: ரெரா இலத்திரன்வோல்ற்றைத் தாண்டிய நியூத்திரினோக்களைச் சூரியனே பெரும்பாலும் விழுங்கிவிடும்.

ஆக, "கிடைக்கவில்லை" என்பதை இப்படித்தான் எழுதுவார்கள்: கரும்பொருள் துகளின் நிறை இவ்வளவாக இருந்து, அது அழியும்போது இந்தத் துகள்களாக மாறினால், அது புரோத்தனோடு மோதும் வாய்ப்பு இந்த அளவுக்கு மேல் இருக்க முடியாது, இருந்திருந்தால் எங்கள் கண்ணில் பட்டிருக்கும். கரும்பலகையில் நிறைக்கும் மோதல் வாய்ப்புக்கும் ஒரு வரைபு கீறி, வளைகோட்டுக்கு மேலே உள்ள பகுதியை வெண்கட்டியால் நிரப்பினேன். நிரப்பிய இடத்தில் கரும்பொருள் இல்லை. ஒவ்வொரு வருடத் தரவும் அந்த வெள்ளையைக் கொஞ்சம் கீழே இறக்குகிறது. அவள் எழுந்து வந்து, வெண்கட்டி படாத இடத்தை விரலால் தொட்டு, "அப்ப இன்னும் இவ்வளவு இருக்கு" என்றாள்.

கடலுக்குள் வைத்த கருவிகளைப் பற்றிச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை, ஏனென்றால் நான் கடற்கரையில் வளர்ந்தவள்.

பன்னிரண்டு வயதிருக்கும். மாமா கணவாய் பிடிக்கப் போகும்போது ஒரு அமாவாசை இரவில் என்னையும் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டார். துடுப்புப் படும் இடமெல்லாம் தண்ணீர் பச்சையும் நீலமுமாக எரிந்தது. கையை விட்டு எடுத்தேன். மணிக்கட்டு மயிரில் இரண்டு மூன்று பொட்டுகள் ஒட்டியிருந்து, ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. கடல் தானாக வெளிச்சம் போடும் என்று அன்று தெரிந்துகொண்டேன். முப்பது வருடம் கழித்து அன்ராரெஸ் பற்றி வாசித்தபோது, அவர்களின் பெரிய தலையிடியே அதுதான் என்று கண்டு சிரித்துவிட்டேன். ஆழ்கடல் உயிர்கள் ஒளிரும். கடலுப்பில் உள்ள பொற்றாசியம்-40 சிதைந்தும் ஒளி உண்டாகும். 2009, 2010 வசந்த காலங்களில் ஒளிர்வு பல மடங்கு கூடியது. ஏன் என்று ஆராய்ந்தால், குளிர்கால முடிவில் மேற்பரப்பின் அடர்ந்த குளிர்நீர் ஆழத்துக்கு இறங்கி அங்குள்ள உயிர்களுக்கு உணவும் ஒட்சிசனும் கொண்டுபோயிருந்தது. நியூத்திரினோக் கருவி தந்த கடலியல் அறிவு அது. சிசிலிக் கடலில் இந்த வேலைகளுக்காக இறக்கிய ஒலிவாங்கிகளில் எண்ணெய்த் திமிங்கிலங்களின் குரலும் கேட்டது. அதே இனம் நம் கோணேசர் மலைக்கு அப்பாலும் போகிறது.

இப்போது சிசிலிக்கு அப்பால் 3,450 மீற்றர் ஆழத்தில் கேஎம்3நெற் என்ற கருவி வளர்ந்துகொண்டிருக்கிறது. கரும்பொருள் தேடலில் அதற்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. கரும்பொருள் மிகச் செறிந்திருக்க வேண்டிய இடம் பால்வீதியின் நடு. அது தெற்கு வானில், தனுசுப் பக்கம். தென்துருவத்தில் அது எப்போதும் அடிவானத்துக்கு மேலே, மியூவோன் மழைக்குள். மத்தியதரைக் கடலிலிருந்து அது நாளில் பெரும்பகுதி பூமிக்குக் கீழே போய்விடும். 2023 பெப்ரவரி 13இல், வெறும் 21 வடங்களே வேலை செய்தபோது, ஏறத்தாழக் கிடையாக ஒரு மியூவோன் கருவியைக் கடந்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட குழாய்கள் ஒரே நேரத்தில் ஒளியை உணர்ந்தன. அதை உண்டாக்கிய நியூத்திரினோவின் சக்தி 220 பெற்றா இலத்திரன்வோல்ற் அளவு என்று 2025இல் அறிவித்தார்கள். மூன்றரைக் கிராம் பொருளொன்றை ஒரு மீற்றர் உயரத்துக்குத் தூக்கப் போதுமான சக்தி, கண்ணுக்குத் தெரியாத ஒற்றைத் துகளில். மிகக் கனமான கரும்பொருள் துகள் சிதைந்து வந்ததோ என்று சிலர் கணக்குப் போட்டு எழுதினார்கள். ஒன்றே ஒன்று பிடிபட்டால் அதை வைத்து இனத்தைச் சொல்ல முடியாது. இன்னும் நாலைந்து வரட்டும்.

திருமலையில் ஏன் வைக்கக்கூடாது என்று பிள்ளைகள் கேட்டார்கள். கேட்பார்கள்தானே. இராவணன் வெட்டில் நின்று குனிந்து பார்த்தால் கீழே கடல் மை நீலம். கொட்டியாரக் குடாவிலிருந்தே ஒரு பள்ளத்தாக்கு கடலடியில் தொடங்கிக் கரைக்கு அப்பால் ஆயிரம் மீற்றரையும் தாண்டி இறங்குகிறது. ஆழம் இருக்கிறது. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கின் வாயில்தான் மகாவலி மண்ணைக் கொண்டுவந்து கொட்டுகிறது. கலங்கலில் ஒளி போகாது. சேறு சரிந்தால் வடமும் போகும். மத்தியதரைக் கடலின் ஆழத்தில் நீல ஒளி அறுபது மீற்றர் அளவுக்கு உறிஞ்சப்படாமல் போகிறது. அந்தத் தெளிவு இங்கே வேண்டுமென்றால் பள்ளத்தாக்கை விட்டு வெகுதூரம் போக வேண்டும். இந்தக் கணிப்பையும் அவர்களோடு சேர்ந்தே கரும்பலகையில் போட்டோம்.

அவர்களுக்குக் கர்நாடகத்தின் கோலார் தங்கவயலையும் சொன்னேன். 1965இல், தரைக்கு இரண்டு கிலோமீற்றருக்கும் கீழே அந்தச் சுரங்கத்தில் வைத்த கருவிகளில், வளிமண்டலத்தில் பிறந்த நியூத்திரினோக்களின் தடம் முதன்முதலாகப் பதிவானது. மும்பையின் தாற்றா ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஒசாகா, டேர்ஹம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து செய்தது. தென்னாபிரிக்கச் சுரங்கமொன்றில் இன்னொரு குழுவும் அதே காலத்தில் கண்டது. கோலார் சுரங்கத்தை அவ்வளவு ஆழத்துக்கு வெட்டியவர்களில் பெருந்தொகையானோர் வட ஆர்க்காடு போன்ற இடங்களிலிருந்து போன தமிழ்க் கூலிகள். பாறை சூட்டிலும் தூசியிலும் அவர்கள் தோண்டிய குழி இல்லாமல் அந்தக் கண்டுபிடிப்பு இல்லை. ஆய்வுக் கட்டுரையில் அவர்கள் பேர் இருக்காது. என் வகுப்பில் இருக்கட்டும்.

ஒக்டோபர் 15. வாடை இன்னும் பிடிக்கவில்லை. உப்புவெளிக் கரையில் கடல் எண்ணெய் வார்த்த மாதிரிக் கிடந்தது. பஞ்சாங்கம் தேவையில்லை, கணக்குப் போட்டு வைத்திருந்தேன்: சூரியன் நேர் கீழே வரும் நேரம் இரவு 11.51. செருப்பைக் கழற்றிவிட்டு ஈர மணலில் நின்றேன். 11.44க்குப் போன் அதிர்ந்தது. குச்சவெளிப் பிள்ளை.

"ரீச்சர், இப்பவா?"

"இன்னும் ஏழு நிமிசம்" என்று அனுப்பினேன்.

"அப்பாவையும் எழுப்பிப்போட்டன். ரெண்டு பேரும் வாசல்ல நிக்கிறம்."